அரை மீட்டர் மஞ்சள் ஒயர்

அத்தியாயம் 9

"நாலு மணிக்குக் கையெழுத்து போட்டுடறேன். எல்லாரும் நிம்மதியா இருக்கலாம்."

இதைச் சொன்ன பெண் எந்த நிமிடமும் எழுந்து போய்விடுகிறவள்போல நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். வயது இருபத்தொன்பது. டேட்டா சென்டர் ஒன்றில் டெக்னீஷியன். ஐந்து நாட்களாக வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டிருந்தாள்.

"அஞ்சு நாளா இதே பாட்டுதான்," என்றாள் பக்கத்தில் இருந்த அவளுடைய மாமியார். "இவ பேச்சைக் கேக்காதீங்க. உங்களை அமர்த்தினது நான்."

"மருமகளுக்காக டிடெக்டிவ் வைக்கிற மாமியாரை இப்பத்தான் பாக்கறேன்," என்றான் லைன்மேன். "வழக்கமா மருமகளை வேவு பாக்கச் சொல்லித்தான் வருவாங்க."

"அவ்வளவு நல்லவ இல்லப்பா நான். கதவைச் சாத்தாம போனான்னா நாலு வார்த்தை திட்டத்தான் செய்வேன். ஆனா செய்யாத தப்புக்கு ஊரான் திட்டினா பாத்துக்கிட்டிருக்க மாட்டேன்."

டிடெக்டிவ் ஊசி தன் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் வழியே எதிர்க் கட்டடத்தின் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊசி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. இருபத்திரண்டு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்து விசாரணை பார்த்தவள். உப்பிய பொய்களை ஒரே குத்தில் காற்றிறக்குகிறாள் என்று எரிச்சலில் யாரோ வைத்த பெயர் நிலைத்துவிட்டது. ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பாள். எதிரில் இருப்பவருக்கு அந்த அமைதி, சட்டைக்குள் எறும்பு புகுந்த மாதிரி இருக்கும். அவளுடைய உதவியாளன் டெலிபோன் கம்பெனியில் பதினைந்து வருடம் கம்பம் ஏறியவன். கம்பங்கள் போய்விட்டன; அவன் வாய் மட்டும் இன்னும் மேலேயே இருந்தது. எல்லோருக்கும் அவன் லைன்மேன்.

நடந்தது இதுதான். போன திங்கட்கிழமை காலை பதினொன்று ஏழுக்கு இந்தப் பெண் ஒரு சர்வரிலிருந்து ஒரு ஒயரைப் பிடுங்கினாள். நகரத்து ஆம்புலன்ஸ்களை எங்கே அனுப்புவது என்று சொல்லும் மென்பொருள் அந்த சர்வரில்தான் ஓடுகிறது. அவசர அழைப்பு எடுப்பவர்களின் திரைகள் அப்படியே உறைந்தன. அழைப்பை எடுத்தார்கள், பதிலும் சொன்னார்கள். எந்த வண்டி எங்கே நிற்கிறது என்பதுதான் தெரியவில்லை. நாற்பத்தேழு நிமிடம் அப்படியே போயிற்று. அந்த நேரத்தில் ஒரு மனிதர் தன் வீட்டுச் சமையலறைத் தரையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். அவருடைய மகள் பதினோரு முறை அழைத்தாள். வண்டி வந்தபோது அவசரம் முடிந்துபோயிருந்தது.

'என் கவனக்குறைவால் நேர்ந்தது' என்று மூன்று வரி எழுதிக் கையெழுத்து போட்டால் வேலை மட்டும் போகும். இன்று நாலு மணிக்குள் போடாவிட்டால், நாளை விசாரணைக் குழு கோப்பைப் போலீசிடம் கொடுத்துவிடும்.

"ஏன் பிடுங்கினே?" என்றாள் ஊசி.

"அந்த ஒயர்ல பிழை வந்துக்கிட்டே இருந்துச்சு. மாத்தச் சொல்லி வேலைச் சீட்டு குடுத்தாங்க. இப்ப அந்தச் சீட்டையும் காணோம்."

"வேலை நேரத்துல ஆம்புலன்ஸ் ஒயரைப் பிடுங்கலாமா?"

"பிடுங்கலாம் மேடம். அதுக்குத்தானே ரெண்டு ஒயர் இருக்கு." முதல்முறையாக அந்தப் பெண் நாற்காலியில் நன்றாக உட்கார்ந்தாள். தொழிலைப் பற்றிப் பேசும்போது குரலே வேறாகிவிட்டது. "அந்த சர்வர் ஒரே பெட்டிதான். ஆனா உள்ளுக்குள்ள இருபது மெஷின் மாதிரி ஓடும்."

"ஒரே வீட்டுல இருபது குடித்தனம்," என்றான் லைன்மேன்.

"ஆமாண்ணா. ஆம்புலன்ஸ் அதுல ஒரு குடித்தனம். வாசல் ஒண்ணே ஒண்ணு இருந்து அது அடைச்சுக்கிட்டா அத்தனை பேரும் மாட்டிக்குவாங்க. அதனால ரெண்டு ஒயர். ரெண்டும் வேற வேற சுவிட்சுக்குப் போகும், அதாவது சர்வரை வெளி நெட்வொர்க்கோட சேத்துவிடற பெட்டிக்கு. இந்த ரெண்டையும் சேத்துக் கட்டறதுக்குப் பேரு பாண்டிங். அதுல மூணு வழி இருக்கு."

"சொல்லு."

"முதல் வழியில ஒரு ஒயர் வேலை செய்யும், இன்னொண்ணு சும்மா காத்திருக்கும். முதல் ஒயர் போச்சுன்னா அது எழுந்து வேலையை எடுத்துக்கும். ரெண்டாவது வழியில குடித்தனங்களைப் பாதிப் பாதியாப் பிரிச்சு ரெண்டு ஒயர்லயும் அனுப்பறது. மூணாவதுல சர்வரும் சுவிட்சும் ஒண்ணையொண்ணு விசாரிச்சுக்கிட்டே இருக்கும். 'இருக்கியா', 'இருக்கேன்'னு. பதில் வராத ஒயரைச் சேத்துக்கவே சேத்துக்காது. சர்வருக்கு மேல இருக்கிற போர்டுல சிவப்பு காட்டிடும்."

"மூணாவது கல்யாணம்," என்றான் லைன்மேன். "ரெண்டு பேரும் சம்மதிக்கணும். முதல் வழி ஒருதலைக் காதல். எதிர்ல ஆளே இல்லைன்னாலும் காத்துக்கிட்டிருக்கும்."

மாமியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊசி சிரிக்கவில்லை. லைன்மேனைத் திரும்பிப் பார்த்தாள். பார்வையை எடுக்கவே இல்லை.

"என்னக்கா? தப்பா சொல்லிட்டேனா?"

"அந்த சர்வர்ல எந்த வழி?" என்றாள் ஊசி, பெண்ணிடம்.

"முதல் வழி. நான் வேலைக்குச் சேர்ந்தப்ப மூணாவதுதான் இருந்துச்சு. மத்த சர்வர் எல்லாத்துலயும் இப்பவும் அதான். இதுல மட்டும் ஏழு மாசம் முன்னாடி மாத்தினாங்க. ஆய்வு அதிகாரி வந்த வாரம்."

"ஏன்?"

"எங்க இடத்துல ஏன்னு கேக்கற பழக்கம் இல்ல மேடம். சீட்டுல எழுதியிருக்கிறதைச் செய்யணும்."

திங்கட்கிழமையும் எழுதியிருந்ததைத்தான் செய்திருக்கிறாள். போர்டைப் பார்த்தாள், இரண்டு ஒயருக்கும் பச்சை. பிடுங்கினாள். 'மாற்று ஒயருக்கு மாறியது, வெற்றி' என்று அடுத்த கணமே பதிவானது. ஆனால் ஆம்புலன்ஸ் திரை செத்துக்கிடந்தது. டேட்டா சென்டர் சீஃபுக்குப் போன் செய்து, ஒயரைத் திரும்பச் செருகட்டுமா என்று கேட்டாள். 'பச்சை எரியுது இல்ல, ஒயரைத் தொடாதே, பிரச்சினை வேற எங்கயோ' என்றார் அவர். நாற்பத்தைந்து நிமிடம் எல்லோரும் வேறெங்கோ தேடினார்கள். கடைசியில் யாரையும் கேட்காமல் அவளே திரும்பச் செருகினாள். எல்லாம் உயிர் பெற்றது. பத்து நிமிடத்தில் அவளுடைய அடையாள அட்டையைப் பிடுங்கிக்கொண்டு வெளியே அனுப்பிவிட்டார்கள்.

"ரெண்டாவது ஒயர்ல ஏதோ இருக்குன்னு சொன்னேன். பதிவைக் காட்டி வாயை அடைச்சுட்டாங்க." அவள் குரல் மறுபடி நாற்காலியின் நுனிக்குப் போய்விட்டது. "எது எப்படியோ, பிடுங்கினது நான்தானே? பதினோரு தடவை கூப்பிட்டிருக்காங்க, செத்துப்போனவரோட பொண்ணு."

மாமியார் மருமகளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

ஊசி எழுந்து பையை மாட்டினாள். "நாலு மணிக்கு டேட்டா சென்டர் வரவேற்பறையில இருங்க ரெண்டு பேரும். நான் வராம பேனாவைத் திறக்கக் கூடாது."

*

டேட்டா சென்டர் வெளியிலிருந்து பார்க்க ஒரு கிடங்கு மாதிரி இருந்தது. உள்ளே குளிர். அந்தக் குளிரிலும், பல வருடமாகக் கழுவாத காப்பிக் கோப்பையின் வாடை தங்கியிருந்தது. விசாரணைக் குழுவின் அனுமதிக் கடிதத்தில் ஒரு நிபந்தனை இருந்தது: சர்வர் கூடத்துக்குள் நுழையக் கூடாது, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம்.

சீஃப் தன் அறையில் நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

அவர்கள் உள்ளே வந்த பிறகும் நிறுத்தவில்லை. மேஜையில் விரித்து வைத்திருந்த கோப்பின் மேல் நகத்துண்டுகள் விழுந்துகொண்டிருந்தன. ஊசி எட்டிப் பார்த்தாள். மேல் பக்கத்தில் ஒரு சிறிய புகைப்படம், இறந்துபோன மனிதருடையது. நெற்றியின் மேல் ஒரு நகப்பிறை கிடந்தது. புகைப்படத்துக்குப் பக்கத்தில் காப்பிக் கோப்பையின் பழுப்பு வளையம்.  

"கேளுங்க மேடம். ஒளிக்க ஒண்ணும் இல்ல. எல்லாம் பதிவுல இருக்கு." சீஃப் கோப்பைத் தூக்கி நகங்களைக் குப்பைக்கூடையில் உதறினார். பாதி தரையில் விழுந்தது. "ஒயர் மாறினது விநாடியில அஞ்சுல ஒரு பங்கு. என் டிசைன் கடிகாரம் மாதிரி வேலை செஞ்சுது. அந்தப் பொண்ணு வேற எதையோ கிண்டியிருக்கா."

"இந்த சர்வருக்கு ஏன் காத்திருக்கிற வழி?"

"எளிமை. எளிமையா இருந்தாத்தான் உடையாது. எதிர்ல இருக்கிற சுவிட்சோட சம்மதத்தைக் கேட்டுக்கிட்டு நிக்க வேண்டாம்."

பாடப் புத்தகத்தில் இருக்கும் பதில். ஊசி அவரையே பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாள். சுவர்க் கடிகாரம் ஓடியது.

"அப்ப மத்த சர்வர் எல்லாத்துலயும் சிக்கலா இருக்கட்டும்னு விட்டுட்டீங்களா சார்?" என்றான் லைன்மேன். "ஓரவஞ்சனையா இருக்கே."

நகவெட்டியின் சத்தம் நின்றது.

"உங்களுக்குக் குடுத்த நேரம் முடிஞ்சுது," என்றார் சீஃப்.

*

வெளியே நடைபாதையின் ஒரு பக்கம் கண்ணாடிச் சுவர். உள்ளே ஆளுயர இரும்பு அடுக்குகள் வரிசையாக நின்றன. ஆம்புலன்ஸ் சர்வர் தனி அடுக்கில், கதவருகே இருந்தது. அதன் கீழே இன்னொரு பழைய பெட்டி. அடுக்குக்கு மேலே சின்னப் போர்டில் இரண்டு பச்சைப் புள்ளிகள்.

"இங்கிருந்து முன்பக்கம்தான் தெரியுது," என்றான் லைன்மேன். "ஒயரெல்லாம் முதுகுப் பக்கம். முகத்தைப் பாத்து மூல வியாதி கண்டுபிடிக்கச் சொல்றாங்க."

ஊசி திரும்பி எதிர்ச் சுவரைப் பார்த்தாள். அங்கே சட்டமிட்ட சான்றிதழ் ஒன்று தொங்கியது: 'தடங்கலற்ற சேவை. முதல் தரம்.' அதன் பக்கத்தில் ஒரு பெரிய வண்ணப் புகைப்படம். நடுவில் தலை நரைத்த ஒருவர், கழுத்துப் பட்டியோடு, ஒயர்களைக் கூர்ந்து பார்ப்பது போலக் குனிந்திருக்கிறார். அருகில் சீஃப், எல்லாப் பற்களும் தெரிய. கீழே எழுதியிருந்தது: ஆய்வு அதிகாரியின் வருகை. ஏழு மாதத்துக்கு முந்தைய தேதி.

"கேமராவுக்காகக் குனிஞ்சிருக்கார்," என்றாள் ஊசி. "ஆனா குனிஞ்சது எந்த அடுக்குக்கு?"

லைன்மேன் படத்தின் கண்ணாடியில் மூக்கு படும்படி நெருங்கினான். "ஆம்புலன்ஸ் அடுக்குதான். கீழ பழைய பெட்டி இருக்கு பாருங்க. முதுகுப் பக்கம்!" பிறகு அவன் விரல் படத்தில் ஒயர்களைத் தொடர்ந்து போனது.  

"அக்கா, சுவிட்ச் எங்க இருக்கு?"

"வரிசையோட கோடியில. அந்தப் பொண்ணு சொன்னா."

"அஞ்சு மீட்டராவது இருக்கும். இந்த நீல ஒயர் பாருங்க, மேல ஏறித் தட்டு வழியாப் போகுது. அது சரி. இந்த மஞ்சளு? மேல ஏறவே இல்ல. ஒரு சின்ன வளைவு வளைஞ்சு நேரா கீழ போயிடுச்சு. இது அரை மீட்டர் ஒயர், அக்கா. அரை மீட்டர் ஒயரு அஞ்சு மீட்டர் தூரத்துக்கு எப்படிப் போகும்? நடந்தா போகும்?"

"கீழ எங்க போகுது?"

"ஆய்வு அதிகாரியோட தொப்பை மறைக்குது."

*

ஸ்டோர் ரூம் மாடிப்படிக்குக் கீழே இருந்தது. ஸ்டோர்காரருக்குக் கடும் சளி. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில், பொருட்களைப் பொதிந்து வரும் வெள்ளை நுரைத்தாளில் மூக்கைச் சிந்தினார். ஆள் வருவதே அபூர்வம் போலிருந்தது. அவர்களைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"உக்காருங்க, உக்காருங்க. காப்பி குடிக்கிறீங்களா?"

"அரை மீட்டர் மஞ்சள் ஒயர் இருக்கா?" என்றான் லைன்மேன்.

"அதெல்லாம் யாரும் வாங்கறதில்ல. ஒண்ணே ஒண்ணு குடுத்தேன், ஆய்வுக்கு முந்தின நாள். சீஃப் தானே நேர்ல வந்து வாங்கிட்டுப் போனார். மனுஷன் இந்தப் பக்கம் எட்டிப் பாத்ததே அன்னிக்கு ஒரு தடவைதான்." நுரைத்தாளைக் கசக்கி மேஜைக்கு அடியில் போட்டார். அங்கே ஏற்கெனவே ஒரு சிறு குன்று இருந்தது.

ஊசியின் கண் மூலையில் இருந்த காப்பிக் கெண்டிக்குப் போனது. கெண்டி ஒரு தட்டையான கறுப்பு இரும்புப் பெட்டியின் மேல் நின்றது. பெட்டியின் முகம் முழுக்க வரிசை வரிசையாகச் சதுரத் துளைகள். ஏழு மாதக் காப்பியும் சர்க்கரையும் அந்தத் துளைகளில் வழிந்து, காய்ந்து, மினுமினுத்தன. எறும்புகள் ஒரு துளையில் நுழைந்து இன்னொன்றில் வெளியே வந்துகொண்டிருந்தன.

"இது என்ன?"

"அதுவா? செத்துப்போன சுவிட்ச். ஆம்புலன்ஸ் அடுக்கோட ரெண்டாவது சுவிட்ச். மட்டமா இருந்துச்சு, கெண்டி வைக்க வாகா..."

அவர் முடிப்பதற்குள் ஊசி கெண்டியை நகர்த்திவிட்டாள். அடியில் ஒட்டியிருந்த அட்டையில், கறைக்கு நடுவே, 'பழுது. மாற்று வேண்டும்' என்றும் ஒரு தேதியும் தெரிந்தன. ஆய்வுக்கு மூன்று நாள் முன்பு.

"மாத்து வாங்கலையா?"

"ஃபாரம் எழுதி அனுப்பினேன். சீஃப் கையெழுத்து போடல. பழுதுன்னு காகிதத்துல வந்தா ஆய்வுல காட்டணுமாம். அப்புறம் பாத்துக்கலாம்னார்." மூக்கைச் சிந்தினார். "அப்புறம் யார் பாக்கறா?"

அந்தச் சின்ன அறையில் வெதுவெதுப்பான காப்பியின் இனிப்பு வாடையும் சளியின் வாடையும் சேர்ந்து அடித்தன. ஊசி வெளியே வந்து, படிக்கட்டில் உட்கார்ந்தாள். லைன்மேன் பக்கத்தில் நின்றான்.  அவள் எப்போது யோசிக்கிறாள் என்பது அவனுக்குத் தெரியும்.

"சுவிட்ச் செத்துப்போச்சு," என்றாள் கடைசியில். "ரெண்டாவது ஒயருக்குப் போக இடமில்ல. போர்டுல சிவப்பு எரியுது. மூணு நாள்ல ஆய்வு. சிவப்பைப் பச்சையாக்கணும். என்ன செய்யலாம்?"

"ஒயரோட மறுமுனையை உயிரோட இருக்கிற எதுலயாவது செருகணும். கீழ இருக்கிற பழைய பெட்டி! அதுக்கு வேலை இல்ல, கரண்ட் மட்டும் இருக்கும். செருகினா லைட் எரியும். ஆனா அதோட சரி, அங்கிருந்து எங்கயும் போகாது." லைன்மேன் தலையில் கை வைத்தான். "சுவத்துல கதவு மாதிரி படம் வரைஞ்ச கதை!"

"செருகினா மட்டும் போதாது. அப்ப மூணாவது வழி ஓடிக்கிட்டிருந்தது. அது மறுமுனையை விசாரிக்கும். பழைய பெட்டிக்குப் பதில் சொல்லத் தெரியாது. சிவப்பு மாறாது. ரெண்டாவது வழிக்கு மாத்தினா?"

"பாதிக் குடித்தனம் அந்தப் படக் கதவுல போய் முட்டிக்கும். அன்னிக்கே ஊரெல்லாம் தெரிஞ்சிடும்."

"அப்ப மிச்சம்?"

"காத்திருக்கிற வழி. ஒயர் சும்மா கிடக்கும். யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. லைட்டு எரிஞ்சா சரி." அவன் மெல்ல விசில் அடித்தான். "மூணுல இது ஒண்ணுதான் பொய்யைத் தாங்கும்."

"இதுக்கு மேல எனக்குக் கைரேகை வேண்டாம். எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாங்கறதே கைரேகை. எதிர்ல யாருமில்லைன்னு தெரிஞ்சவன்தான் எதிரைக் கேள்வி கேக்காத வழியைத் தேடுவான்." அவள் எழுந்தாள். "வா. அந்த நகத்தை இன்னொரு தடவை பாக்கணும்."

*

மணி மூன்று இருபது. சீஃப் இந்த முறை பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். ஊசி உட்காரவில்லை. சுவிட்ச், அரை மீட்டர் ஒயர், பழைய பெட்டி, மாற்றிய வழி எல்லாவற்றையும் நாலு வாக்கியத்தில் சொன்னாள்.

"அஞ்சு மணிக்கு இது விசாரணைக் குழுத் தலைவர் மேஜையில இருக்கும்," என்றாள். "உங்க பேரோட."

சீஃப் முகம் வெளுக்கும் என்று லைன்மேன் எதிர்பார்த்தான். அந்த ஆள் சிரித்தார். வாயில் பிஸ்கட் மாவு தெரிந்தது.

"குடுங்க. கையோட கொண்டுபோய்க் குடுங்க. யார்கிட்ட குடுக்கிறீங்கன்னு தெரியுமா?"

ஊசி பையிலிருந்த அனுமதிக் கடிதத்தை எடுத்துப் பார்த்தாள்.

"கடிதத்துல பதவி மட்டும்தானே போட்டிருந்தது? வெளிய போட்டோ மாட்டியிருக்கு, பாத்திருப்பீங்க. நடுவுல குனிஞ்சிருக்காரே, அவர்தான் தலைவர்."

லைன்மேன் தலையை நீட்டி நடைபாதைச் சுவரைப் பார்த்தான்.

"நான் யாரையும் ஏமாத்தல மேடம். யாரை ஏமாத்தறது? ஒரு நாள் முன்னாடியே வந்து சிவப்பைப் பாத்துட்டார் அவர்." சீஃப் போனை எடுத்துத் தடவி, மேஜைமேல் திருப்பி வைத்தார். அதில் பெருமை இருந்தது. தன்னிடம் ஒரு நல்ல சீட்டு இருக்கிறது என்கிற பெருமை. "ஏழு மாசமா இதைப் பத்திரமா வச்சிருக்கேன். எனக்கு ஒண்ணு வந்தா அவருக்கும் வரும். அதனால எனக்கு வராது. அந்தப் பொண்ணுக்குத்தான் வரும்."

அந்த அதிகாரி அன்று அனுப்பிய செய்தியை ஊசி குனிந்து படித்தாள். 'நாளை போர்டில் சிவப்பு இருக்கக் கூடாது. ஒயரை உயிருள்ள ஏதாவது ஒன்றில் செருகு. காத்திருக்கும் முறைக்கு மாற்றிவிடு, அது எதிர்முனையைக் கேட்காது. சுவிட்ச் வந்ததும் சரிசெய்துகொள். இதற்காக நான் மறுபடி ஒருமுறை வர முடியாது.'

"மறுபடி ஒருமுறை வர முடியாது," என்று முணுமுணுத்தாள். "எவ்வளவு தூரத்துல இருந்து வரணும் அவர்?"

"கார்ல ஒன்றரை மணி நேரம்."

அந்த ஒன்றரை மணி நேரம் அந்த அறையில் அப்படியே நின்றது. இருபத்திரண்டு வருடத்தில் ஊசி எத்தனையோ அயோக்கியர்களைப் பார்த்திருக்கிறாள். பழி தீர்க்க வீட்டைக் கொளுத்தியவன், பொறாமையில் பிரேக்கை அறுத்தவன். அவர்களுக்குள் ஒரு சூடாவது இருந்தது. இங்கே சூடு கூட இல்லை. ஒருவனுக்கு இன்னொரு முறை கார் ஏறச் சோம்பல். ஒருவனுக்கு ஃபாரத்தில் கையெழுத்து போடச் சோம்பல். ஒருவனுக்குக் கெண்டி வைக்க இடம் வாகாக இருந்தது. 

"அந்தப் பொண்ணு திங்கட்கிழமை போன் பண்ணினப்ப, ஒயரைத் தொடாதேன்னு சொன்னீங்க. அப்ப உங்களுக்குத் தெரியும்."

"சத்தியமா மறந்துட்டேன் மேடம். ஏழு மாசம் ஆச்சு. பச்சையாவே இருந்துச்சு, நானும் நம்பிட்டேன். அரை மணி நேரம் கழிச்சுத்தான் ஞாபகம் வந்துச்சு."

"வந்ததும்?"

சீஃப் பிஸ்கட் பொட்டலத்தின் வாயை மடித்தார். திரும்பவும் மடித்தார்.

"அப்ப சொன்னா எப்படித் தெரியும்னு கேப்பாங்க இல்ல?" என்றார்.

நாற்பத்தேழில் மீதிப் பதினேழு நிமிடம் யாருடையது என்று இப்போது தெரிந்துவிட்டது. ஊசி கதவுவரை போய்த் திரும்பினாள்.

"மஞ்சள் ஒயர் இப்ப எங்க?"

"அங்கயேதான். விசாரணை நடக்கும்போது எடுத்தா சிவப்பு வந்துடுமே."

*

வரவேற்பறையில் மூன்று மெத்தை நாற்காலிகளும் ஒரு கண்ணாடி மேஜையும் இருந்தன. மேஜைமேல் மூன்று வரிக் கடிதம். டெக்னீஷியன் பேனாவைத் திறந்து வைத்திருந்தாள். மாமியார் அதன் மூடியைத் தன் கைக்குள் இறுக்கிப் பிடித்திருந்தாள், மூடி இல்லாமல் எழுத முடியாது என்பது போல. மணி மூன்று ஐம்பத்திரண்டு.

ஊசி அவள் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் மெழுகவில்லை. அந்தப் பெண்ணின் கண்கள் கடிதத்திலிருந்து மெல்ல நிமிர்ந்தன. 'அப்பாடா, நான் தப்பித்தேன்' என்று அவள் சொல்வாள் என்று லைன்மேன் நினைத்தான்.

"இன்னும் அப்படியேவா இருக்கு?" என்றாள் அவள்.

"அப்படியேதான்."

"மேடம், இப்ப ஓடற நீல ஒயர்தானே பிழை வர்ற ஒயர்? நான் மாத்தறதுக்கு முன்னாடிதானே என்னை வெளிய அனுப்பினாங்க? அந்தப் பழைய ஒயரைத்தானே திரும்பச் செருகினேன்?" அவள் எழுந்து நின்றுவிட்டாள். "அது எப்ப வேணும்னாலும் போயிடும். இன்னிக்கே போகும். போர்டு பச்சையாவே இருக்கும். மறுபடி எல்லாரும் வேற எங்கயோ தேடிக்கிட்டிருப்பாங்க!"

"யார்கிட்டயாவது சொல்லுங்களேன்," என்றாள் மாமியார்.

"சொல்ல வேண்டியவர்தான் செஞ்சவர்," என்றான் லைன்மேன். "அவர்கிட்ட எழுதிக் குடுத்தா ராத்திரியோட ராத்திரியா ஒயரும் இருக்காது, சுவிட்சும் இருக்காது, நாமளும் பொய்யனாயிடுவோம்."

ஊசி மேஜைமேல் இருந்த கடிதத்தை ஓரமாக நகர்த்தினாள். பிறகு தன் போனை எடுத்து அந்தப் பெண்ணிடம் நீட்டினாள்.

"ஆம்புலன்ஸ் நம்பருக்குக் கூப்பிடு."

"எதுக்கு? யாருக்கும் ஒண்ணும்..."

"அவசரமா, இல்லையா?"

"அவசரம்தான்."

"அந்த நம்பருக்கு வர்ற ஒவ்வொரு வார்த்தையும் பதிவாகும். நேரத்தோட. யாராலயும் அழிக்க முடியாது. எத்தனை கேசை அதை வச்சு உடைச்சிருக்கேன் தெரியுமா?"

"அந்தப் பதிவும் இதே சர்வர்லதான் இருக்கும், போங்க," என்றான் லைன்மேன்.

"இல்லண்ணா," என்றாள் அந்தப் பெண். "அது வேற கட்டடம். சட்டப்படி தனியா வைக்கணும்." அவள் விரல் எண்களை அழுத்தத் தொடங்கியிருந்தது. "அவங்க இப்பவே கையில எழுதற முறைக்கு மாறிட்டா, ஒயர் போனாலும் வண்டி போகும்."

ஒரே மணியில் எடுத்தார்கள். அந்த அமைதியில் மறுமுனைக் குரல் எல்லோருக்கும் கேட்டது. இளம் பெண்ணின் குரல், களைத்த குரல்.

"அவசர சேவை. என்ன ஆச்சு, சொல்லுங்க."

டெக்னீஷியன் தன் பெயரையும் பணி எண்ணையும் சொன்னாள். திங்கட்கிழமை ஒயரைப் பிடுங்கியது தான்தான் என்றாள். பிறகு மஞ்சள் ஒயர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, யார் சொல்லி யார் செருகினார்கள், ஏன் எந்த முறைக்கு மாற்றினார்கள் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னாள், எதிரில் ஒருவர் எழுதிக்கொள்ள அவகாசம் கொடுப்பதுபோல. சீஃபின் அறைக் கதவு திறந்து, அவர் நடைபாதையில் வந்து நின்றார். கையில் பிஸ்கட் பொட்டலம். அவள் அவரைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தாள்.

இப்போதே கையால் எழுதும் முறைக்கு மாறிவிடுங்கள் என்று முடித்தாள். பிறகு மறுமுனைக் குரல், பழக்கத்தால், எல்லா அழைப்பிலும் கேட்கும் அடுத்த கேள்வியைக் கேட்டது.

"பாதிக்கப்பட்டவங்க எத்தனை பேர்?"

"இதுவரைக்கும் ஒருத்தர்," என்றாள் அவள்.

விசைப்பலகையின் சத்தம் கேட்டது.